எவ்ளோ வச்சிருக்கே?

அந்த பஸ் டிப்போவில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி கேட்டில் நிற்கிற காவலாளியிலிருந்து மாடியில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிற மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'எவ்ளோ'. வயதுக்கு மரியாதை தருகிற புண்ணியவான்கள் மட்டும் 'எவ்ளோ அண்ணன்' என்பார்கள். பெயர் வந்த கதையில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சீட்டு மேசையில் உட்கார்ந்தால் மனுஷன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். இரண்டாவது, மூன்றாவது வார்த்தையும் அதேதான்.

"உன்கிட்ட எவ்ளோ இருக்கு?"

மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், டிரைவர்கள் ஓய்வறையில் தினமும் போக்கர் நடக்கும். உட்காருவதற்குப் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட்டுகள். மேசை என்று ஒன்று வாங்கித்தர நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை, அதனால் உடைத்துப்போட்ட பஸ் ஒன்றின் பின்கதவை நாலு டிரம் மேல் கிடத்தியிருந்தார்கள். அதில் சிவப்பு எழுத்தில் 'அவசர வழி' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் மேல்தான் சீட்டு விழும்.

காசு வைத்து ஆடினால் வேலை போய்விடும். ஆகவே பிளாஸ்டிக் வில்லைகள். முதல் நாள் மெக்கானிக் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து "சிப்ஸ் வந்தாச்சு" என்று சொன்னதும், எவ்ளோ அண்ணனின் மச்சான் ஓடிப்போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். டப்பாவைத் திறந்து பார்த்தபோது அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்து, இனி குழப்பமே வேண்டாம் என்று அதற்கு 'வில்லை' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளை சின்னது, சிவப்பு அதைவிடப் பெரிது, பச்சை இன்னும் பெரிது, நீலம் எல்லாவற்றுக்கும் பெரியண்ணன். யாரிடம் வில்லை முதலில் தீர்கிறதோ அவர்தான் எல்லாருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாகச் சில சீட்டு, அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் எதிராளி முன்னால் எத்தனை வில்லை குவிந்திருக்கிறது என்று தெரியாமல் பந்தயம் கட்டக்கூடாது. அவனிடம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் துணிந்து மோதலாம். நிறைய இருக்கிறதென்றால் ஒரே ஆட்டத்தில் உங்களை மொட்டையடித்து அனுப்பிவிடுவான். அதனால் "எவ்ளோ இருக்கு?" என்று கேட்பது தப்பில்லை. எல்லாரும் கேட்பார்கள். ஆனால் அதற்கென்று நேரம் காலம் இருக்கிறது. எவ்ளோ அண்ணன் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்த பிறகும் கேட்பார். டீ குடிக்கிறவனைக் கேட்பார். பாத்ரூம் போய்விட்டு வருகிறவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்.

ஒருதடவை டைம்கீப்பரை மடக்கினார். டைம்கீப்பர் என்றால் எந்த பஸ் எப்போது போக வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்று போர்டில் எழுதுகிறவர். அவர் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கையில் சீட்டோடு. அந்த நேரம் பார்த்து நம்ம ஆள் குரலை உயர்த்தி, "எத்தனை வச்சிருக்கே? நேத்து மூணு வச்சிருந்தே, இன்னைக்குக் கூடியிருக்கும் போலிருக்கே?" என்று கேட்டார். போனில் அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "என்னங்க, எத்தனை வச்சிருக்கீங்கன்னு யாரோ கேக்கறாங்களே, சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று அந்த அம்மா நிதானமாகக் கேட்டாள். டைம்கீப்பர் அந்த வாரம் முழுக்க ஓய்வறையிலேயே சாப்பிட்டார்.

"இவன் தெரிஞ்சேதான் கேக்கறான். கேட்டுட்டு நம்ம குரல் நடுங்குதா, கை நடுங்குதான்னு நோட்டம் விடறான். பலே கில்லாடி" என்று மெக்கானிக் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எவ்ளோ அண்ணன் அதை மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பார். கில்லாடி என்கிற பெயர் அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஏனென்றால் உண்மை வேறு. அவருக்குக் கண் தெரியவில்லை.

முழுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷமாகவே கண்ணில் யாரோ ஆவி ஊதிவிட்ட மாதிரி ஒரு புகைமூட்டம். வலது கண் கொஞ்சம் பரவாயில்லை, இடது கண் பெயருக்குத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வில்லையில் பச்சை எது, நீலம் எது என்று பிரம்மாவே வந்து கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. ஆகவே வாயால் கேட்டார். அந்த மேசையில் எல்லாரும் நல்லவர்கள், கேட்டால் உடனே கணக்கு சொல்லிவிடுவார்கள். யாராவது தாமதித்தால் மச்சானே முந்திக்கொண்டு, "மாமா, டைம்கீப்பர்கிட்ட நீலம் ரெண்டு, பச்சை அஞ்சு" என்று ஒப்பித்துவிடுவான். மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, டிப்போவில் டயர் பிரிவில் வேலை. மாமா மேல் பாசம் அதிகம்.

சீட்டாட்டத்தில் பச்சை நீலம் மாறினால் டீ கிளாஸ் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மனுஷன் பஸ் ஓட்டுகிறார்.

பத்தொன்பது வருஷமாக ஒரே ரூட். எந்த நிறுத்தத்துக்கு முன்னால் மேடு, எந்தத் திருப்பத்தில் பேக்கரிக்காரன் வேனை இடைஞ்சலாக நிறுத்தியிருப்பான் என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் அத்துப்படி. அந்த தைரியத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் டிப்போ டாக்டர் கண் சோதனை வைப்பார். சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையை அந்த டாக்டர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாற்றியதில்லை. நம்ம ஆள் அதை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, நாடக வசனம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். போன வருஷம் டாக்டர் கடைசி வரியைக் காட்டுவதற்கு முன்பே ஒப்பித்து முடித்துவிட்டார். "அபாரம்யா உங்க கண்ணு" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பயம் இல்லாமலா இருக்கும்? ஒரு நாள் ரோட்டோரம் குழந்தை ஓடிவருகிறது என்று பிரேக் மேல் ஏறி நின்றார். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பார்த்தால் குழந்தை இல்லை, காற்றில் உருண்டு வந்த குப்பைத்தொட்டி. அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டியைக் குழந்தை என்று நினைத்தது போகட்டும், என்றாவது ஒருநாள் குழந்தையைத் தொட்டி என்று நினைத்துவிட்டால்? புரண்டு புரண்டு படுத்தார். காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய் அதே பஸ்ஸை எடுத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவருடைய அண்ணன். அவரும் இதே டிப்போவில் டிரைவராக இருந்தவர்தான். கண் மங்குகிறது என்று உள்ளதைச் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டு கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அப்புறம் அதுவும் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கதவு சத்தம் கேட்டால் "யாரது?" என்பார். தம்பி போய் எதிரே நின்றாலும் அதே "யாரது?" தான். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தனக்கும் ஒன்று போட்டுவிடுவார்கள் என்று எவ்ளோ அண்ணனுக்கு உள்ளூர நடுக்கம். ஸ்டியரிங்கை விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. போதாக்குறைக்கு அடுத்த மாதம் டாக்டரிடம் புது மிஷின் வருகிறதாம். தாடையை வைத்துக் கண்ணைக் காட்டினால் அதுவே சொல்லிவிடுமாம். மிஷினிடம் வசனம் ஒப்பிக்க முடியாது.

இத்தனை தலைவலிக்கு நடுவில் மனைவி வேறு. அந்த அம்மாள் ரூட்டின் கடைசியில் இருக்கிற பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. காலையில் முதல் நடையில் புருஷன் பஸ்ஸிலேயே ஏறி, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவாள். உட்காருவது டிரைவருக்கு நேர் பின் சீட்டு. தலைக்கு மேலே 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது' என்று எழுதியிருக்கும். அந்த வாசகத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டுதான் வழி நெடுக வாய் ஓயாமல் பேசுவாள்.

"போன வருஷத்துலேர்ந்து என்ன வந்துச்சோ தெரியல, தொணதொணன்னு கழுத்தை அறுக்கறாய்யா" என்று சீட்டு மேசையில் வந்து புலம்புவார். "என்னங்க சிவப்பு விழுந்துருச்சு. என்னங்க, எடது பக்கம் ஒரு சைக்கிள்காரன் வர்றான் பாருங்க, மூஞ்சியப் பாரு, கழுவவே மாட்டான் போலிருக்கு. என்னங்க, அந்தப் பொண்ணு போனப் பாத்துக்கிட்டே ரோட்டுல எறங்கறா, வளத்த லட்சணம். சிவப்பு, பச்சை, சைக்கிளு, நாய். நான் பஸ் ஓட்டறேனா, இல்ல இவ கிட்ட பரீட்சை எழுதறேனா?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். "உன் வீட்டு லவுட் ஸ்பீக்கருக்காகத்தான்யா நான் உன் வண்டியில ஏறதில்ல" என்பார் மெக்கானிக். அவர் வீடு அதே ரூட்டில்தான், ஆனால் அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிற்பார். கேட்டால் சில நாள் இந்தக் காரணம், சில நாள், "அந்த வண்டி பிரேக் சத்தம் எனக்கு ஆகாது" என்பார். பிரேக்கை ரிப்பேர் பண்ண வேண்டியவரே அவர்தான் என்று யாரும் கேட்கவில்லை. டைம்கீப்பருக்கோ நடந்துபோனால்தான் சாப்பிட்டது செரிக்குமாம். மச்சான் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டான்.

இப்படியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புது டிரைவரம்மா வேறு டிப்போவிலிருந்து மாற்றலாகி வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற அழகைப் பார்த்து மெக்கானிக்கே வாயைப் பிளந்தார். இரண்டாம் நாளே "சீட்டுல எனக்கும் ஒரு எடம் போடுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் ஆட்டத்திலேயே எவ்ளோ அண்ணன் தன் வேலையைக் காட்டினார்.

"உன்கிட்ட எவ்ளோமா இருக்கு?"

"அண்ணே, நீங்கதான் சீட்டைக் கவுத்துட்டீங்களே. ஆட்டத்துல இல்லாதவங்க கேக்கக் கூடாது."

அடுத்த ஆட்டத்தில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை பல்லைக் கடித்துக் காத்திருந்து கேட்டார்.

"இப்ப கேக்கலாம்," என்றாள் அவள். "ஆனா சொல்லணும்னு கட்டாயம் இல்ல. பெரிய வில்லைய முன்னால வைக்கணும், கையால மறைக்கக் கூடாது, அவ்வளவுதான் முறை. வச்சிருக்கேன். பாத்துக்குங்க."

"இந்த மேசையில எல்லாரும் வாய்விட்டுச் சொல்லுவோம்மா," என்றார் மெக்கானிக் அவசரமாக.

"ஏன்? ஒரு முழ தூரம்கூட இல்ல. கண்ணு எதுக்கு இருக்கு?"

எவ்ளோ அண்ணன் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அன்று கிளாஸ் கழுவியது அவர். மறுநாளும் அவர்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் குமுறினார். "நேத்து வந்தவ எனக்கு மொற சொல்லித் தர்றா. கேக்கலாமாம், சொல்லணும்னு கட்டாயம் இல்லயாம். பாத்துக்கணுமாம்." மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவள் திடீரென்று சிரிப்பை நிறுத்தியது இன்னும் கடுப்பாக இருந்தது.

விஷயம் அந்த வாரக் கடைசியில் வெடித்தது. அன்று அவர் கையில் இரண்டு ராணி. நல்ல சீட்டுதான். ஆனால் நடுவில், போடும்போதே மச்சான் சத்தமாகப் பெயர் சொன்ன ஒரு ராஜா மல்லாந்து கிடந்து முறைத்துக்கொண்டிருந்தான். எதிராளியிடம் இன்னொரு ராஜா இருந்தால் ராணிகள் கதி அதோகதி. மற்ற மூன்று பேரும் கவிழ்த்துவிட்டார்கள். டிரைவரம்மா தன் முன்னால் இருந்த வில்லை அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவுக்குத் தள்ளி, "எல்லாம்" என்றாள்.

எவ்ளோ அண்ணனுக்கு வேர்த்தது. கொஞ்சம் என்றால் மோதிப் பார்க்கலாம். நிறைய என்றால் இன்றைக்கும் கிளாஸ்தான். "எவ்ளோ இருக்கும்மா?" என்றார், வழக்கத்தைவிட மெதுவாக.

"முன்னாலயே இருக்கு அண்ணே. பாத்துக்குங்க."

மச்சான் வாயைத் திறந்தான். "மாமா, அது வந்து..."

"நீங்க கவுத்தாச்சு. பேசக் கூடாது."

"சொல்லித் தொலையேம்மா," என்று மெக்கானிக் சீறினார். "சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தாள். டைம்கீப்பர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாதாரணக் கணக்குக்கு இவர்கள் ஏன் இப்படித் தவிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. இதற்குள் எவ்ளோ அண்ணன் எட்டிக் குனிந்து, கண்ணை இடுக்கி, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நீல வில்லைகள் பழசு, விளிம்பு சொரசொரப்பாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கை தானாக நீண்டது.

"அண்ணே! கை!"

அடுத்தவர் வில்லையைத் தொடுவது அந்த ஆட்டத்தில் மன்னிக்கவே முடியாத குற்றம். அவள் தன் உள்ளங்கையை வில்லைகள் மேல் வைத்து மூடினாள், உடனே எடுத்துக்கொண்டாள். அவர் சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். மானம் போய்விட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

"எண்ணிட்டேன், எண்ணிட்டேன். நீலம் எட்டு. சரிதானே?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தன் தும்மினால்கூட விழுந்து புரண்டு சிரிக்கிற கூட்டம் அது.

"நீலம் ஒண்ணுகூட இல்ல அண்ணே," என்றாள் டிரைவரம்மா. குரல் இறங்கியிருந்தது. "அத்தனையும் பச்சை."

"நானும் பச்சைன்னுதான் சொல்ல வந்தேன். வாய் தவறிடுச்சு. இந்த டியூப் லைட்ட மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

வெளியே மொட்டை வெயில். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. டியூப் லைட் போடவே இல்லை.

டிரைவரம்மா தன் சீட்டுகளைக் கீழே வைத்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எவ்ளோ தெரியுது?"

வருஷக்கணக்காக ஊரையே அந்த வார்த்தையால் குடைந்தவர். அதே வார்த்தை திரும்பி வந்து தன் நெஞ்சில் குத்தும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "எனக்கென்ன? எல்லாம் நல்லாத்தான்..." என்று இழுத்தார்.

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இங்க யாரு இவரு ஓட்டற பஸ்ல வீட்டுக்குப் போறது?"

மெக்கானிக் ஏற்கெனவே கவிழ்த்த சீட்டை எடுத்து மறுபடியும் பார்த்தார். டைம்கீப்பர் காலி கிளாஸிலிருந்து டீ குடித்தார். மச்சான் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

அப்போதுதான் எவ்ளோ அண்ணனுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. பிரேக் சத்தம் ஆகாத மெக்கானிக். சாப்பாடு செரிக்க நடக்கிற டைம்கீப்பர். தவணையில் வந்த மோட்டார் சைக்கிள். கேட்டவுடன் கணக்கு சொன்ன நல்ல மனசுகள். மீசையைத் தடவிக்கொண்டு தான் கில்லாடி வேஷம் போட்ட இத்தனை நாளும் இவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு வேஷம் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

"அடப்பாவிங்களா," என்றார். "தெரியுமா உங்களுக்கெல்லாம்?"

"தெரிஞ்சு என்னய்யா பண்ணச் சொல்ற?" மெக்கானிக் கையிலிருந்த சீட்டை மேசையில் போட்டார். "மாடிக்குப் போய்ச் சொல்லி உன்னையும் கேட்டுல உக்கார வைக்கவா? உங்கண்ணன் கதையைப் பாத்தவங்கதானே நாங்க."

"அவரு மேல பாசம், சரி," என்றாள் டிரைவரம்மா. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க ஏறாம தப்பிச்சுக்கிட்டீங்க. ஏறினவங்க? அவங்ககிட்ட யாரு சொன்னா?"

நல்லவர்கள்தான் அந்த மூன்று பேரும்.

எவ்ளோ அண்ணன் மச்சானின் சட்டையைப் பிடித்துவிட்டார். "டேய், உங்கக்கா தெனமும் அதுலதானேடா வர்றா! உனக்கு அது கூடவா தோணல?"

மச்சான் தேம்பினான். "மொதல்ல அக்காகிட்டதான் மாமா சொன்னேன். போன வருஷமே சொன்னேன். 'எனக்குத் தெரியாதாடா? அதனாலதானே நேர் பின்னால உக்காந்து தொண்டை வத்தக் கத்திட்டு வர்றேன்'னு சொல்லிட்டா. 'வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்'னா."

அவர் பிடியை விட்டார். சிவப்பு விழுந்துருச்சு. எடது பக்கம் சைக்கிள். அந்தப் பொண்ணு ரோட்டுல எறங்கறா. லவுட் ஸ்பீக்கர், பரீட்சை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மனைவியின் தொண்டை சாயங்காலமானால் கட்டிக்கொள்ளும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஏன் கட்டுகிறது என்று அதற்கும் ஒரு கிண்டல் செய்திருக்கிறார். அவருக்கு அழுகையாக வந்தது, நாலு பேர் முன்னால் அழுதும் விட்டார்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு ராணிகளையும் மல்லாத்தி வைத்தார். பாக்கெட்டிலிருந்து பஸ் சாவியை எடுத்து 'அவசர வழி' என்கிற எழுத்தின் மேல் வைத்தார். "சாயந்தர நடைக்கு என் பேரை அழிச்சுடு," என்றார் டைம்கீப்பரிடம். "காரணம், கண்ணு தெரியலன்னே எழுது. மாடிக்கு நானே போய்ச் சொல்றேன்." சொல்லிவிட்டு, ஆட்டத்தை விட்டவர் என்கிற முறையில் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவர் போனதும் மெக்கானிக் அடக்கமாட்டாமல் டிரைவரம்மாவின் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ராஜாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. "அதுவும் டூப்பா?" என்றார். "அதுக்குத்தான் கணக்கு சொல்லல," என்றாள் அவள், சாவியை எடுத்துக்கொண்டே.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அண்ணனுக்குப் பழுதானது கண் நரம்பு, தம்பிக்கு வெறும் புரை. "உள்ள இருக்கற வில்லை மங்கிப்போச்சு. எடுத்துட்டுப் புது வில்லை வச்சா சரியாயிடும், கண்ணுக்கு ஒண்ணு" என்றார் கண்ணாஸ்பத்திரி டாக்டர். வில்லையா என்று இவர் ஆஸ்பத்திரி அதிரச் சிரித்தார். அந்த டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே போயிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும் காரியம். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் அவருக்கு அது எதுவும் தெரியாது. தன் ஆயுசில் முதல் தடவையாகத் தன் பஸ்ஸில் பயணியாக ஏறி, டிரைவருக்கு நேர் பின் சீட்டில், ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்காலம் என்றால் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிதான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சலவை நிலைய நிறுத்தத்தில் மனைவி ஏறினாள். ஸ்டியரிங்கில் வேறு ஒரு பெண் இருப்பதைப் பார்த்தாள். பின் சீட்டில் புருஷன் இருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். இஸ்திரி வாசம் அடித்தது.

பஸ் கிளம்பி நாலு கடை தாண்டியிருக்காது. "சிவப்பு!" என்று கத்தினாள்.

"பாத்துட்டேம்மா," என்றாள் டிரைவரம்மா, திரும்பாமலே.

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ் சிக்னலில் நின்றது. எவ்ளோ அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். இவ்வளவு கிட்டத்தில் கண்ணில் புகைமூட்டம் அவ்வளவாக இல்லை. முன்நெற்றியில் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எவ்ளோ நாளா உனக்குத் தெரியும்?"

"கேக்கலாம்," என்றாள் அவள். "சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

பிறகு அவர் கையை எடுத்துத் தன் பைக்கு மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பச்சை விழுந்துவிட்டது, எடுக்கலாம் என்று டிரைவருக்குச் சொன்னாள்.